இரண்டு நிமிட நிறுத்தத்தில் ரயில் ஏறுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பேருந்திலேயே போய்வந்து பழகியவர்கள் மிகுதி. கிருஷ்ணகிரி நகருக்கு இன்று ரயில் நிலையமே கிடையாது. திருப்பத்தூரிலிருந்து அந்நகருக்கு ஓடிக்கொண்டிருந்த குறுகிய ரயில்பாதை பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. அதன்பின் அவ்வூர் மக்கள் ரயிலேற வேண்டுமானால் தருமபுரிக்கோ, ஓசூருக்கோ, பர்கூர் வழியாக ஜோலார்பேட்டைக்கோ போகத்தான் வேண்டியிருக்கிறது. பேருந்தில் எந்தக் கதவில் ஏறினாலும் ஒன்றுதான், ஏறிய பிறகு நடத்துநர் சீட்டுக் கொடுப்பார், இடம் இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகலாம். ரயிலில் இவை மூன்றும் தலைகீழாகிவிடும். எனவே முதன்முறையாக ரயிலில் போகிறவர்கள், குறிப்பாகக் கல்லூரியில் சேரப் போகும் மாணவர்களும் வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோரும், நடைமேடையில் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

விமான நிலையத்தைப் போலவோ சென்னை மெட்ரோவைப் போலவோ, பயணியை நிறுத்தி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் வாயில் நம் ரயில் நிலையங்களில் பொதுவாக இல்லை. அதனால் ஏறுவதற்கு நடைமுறை என்று எதுவும் இல்லை என்றே பலர் எண்ணுகிறார்கள். நடைமுறை இருக்கிறது; அதைப் பயணியே தனக்குத்தான் நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. தருமபுரியில் விரைவு வண்டிகள் பெரும்பாலும் இரண்டு நிமிடம் போலத்தான் நிற்கின்றன. ஏறுவதற்கான வேலையில் முக்கால் பங்கு வண்டி வருவதற்கு முன்பே முடிந்திருந்தால் அந்த இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும், முடியாமல் இருந்தால் ஐந்து நிமிடம் கொடுத்தாலும் போதாது.

ஏறும் உரிமை யாருக்கு

கையில் டிக்கெட் இருப்பதும் வண்டியில் ஏறும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. முன்பதிவு டிக்கெட் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். உறுதியான டிக்கெட்டில் கோச் (பெட்டி) எண்ணும் பெர்த் (படுக்கை) எண்ணும் இருக்கும். ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் பெரும்பாலும் சைடு லோயர் பெர்த் ஒன்றை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போக வேண்டும். யாராவது வராமல் போனால் முழுப் பெர்த் கிடைக்கக்கூடும். காத்திருப்புப் பட்டியல், அதாவது வெயிட்டிங் லிஸ்ட், மூன்றாவது நிலை. யாருக்கு எந்த இடம் என்பதைக் காட்டும் பெயர்ப்பட்டியல் தயாரான பிறகும் இணையவழி டிக்கெட்டில் உள்ள அனைவரும் காத்திருப்பிலேயே இருந்தால், அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறுபவர் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். கவுண்டரில் வாங்கிய காத்திருப்பு டிக்கெட் தானாக ரத்தாகாது. ஆனால் அதைக் காட்டி ஸ்லீப்பர் பெட்டியிலோ ஏ.சி. பெட்டியிலோ ஏற அனுமதியில்லை. வண்டி புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு வரை அதைக் கவுண்டரில் ஒப்படைத்துப் பணம் பெறலாம்.

"சார்ட் போட்டாச்சா?" என்று நடைமேடையில் காதில் விழும் கேள்வி இந்தப் பெயர்ப்பட்டியலைப் பற்றியதுதான். வண்டி புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போது தயாரிக்கப்படுவது என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2025 முதல் அதைவிட நன்கு முன்கூட்டியே தயாரிக்கிறார்கள். தொலைவிலிருந்து நிலையத்துக்கு வர வேண்டியவர்களுக்கு, பாலக்கோட்டிலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தங்கள் நிலை தெரிந்துவிடுவதால், இந்த மாற்றம் மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து. டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணை 139 என்ற எண்ணில் விசாரித்தோ செயலியில் பார்த்தோ நிலையை அறியலாம். முதல் பட்டியலுக்குப் பிறகு வண்டி புறப்படும் நேரத்தை ஒட்டி இரண்டாவது பட்டியலும் தயாராகும்; மீதமிருக்கும் இடங்கள் அதுவரை விற்பனையாகும்.

இணையவழி டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

முன்பதிவில்லாத டிக்கெட்டின் விதி வேறு. அது ஓர் இடத்தை உறுதி செய்வதில்லை, ஜெனரல் பெட்டியில் ஏறும் உரிமையை மட்டும் தருகிறது. 200 கிலோமீட்டருக்குக் குறைவான பயணமானால், டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அதன்பின் வரும் முதல் வண்டியில் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்களும் சேலத்துக்குப் போகிறவர்களும் இந்த வரம்புக்குள் வருவதால், காலையில் எடுத்த டிக்கெட்டை மாலையில் பயன்படுத்த முடியாது. 2025 ஜூலையில் அறிமுகமான ரயில்ஒன் செயலியில் இந்த டிக்கெட்டையும் செல்பேசியிலேயே எடுக்கலாம். ஆனால் நிலையத்துக்குள் வந்து வண்டியைப் பார்த்த பிறகு எடுப்பதைத் தடுக்க, இருப்பிடத்தை வைத்து அந்த வசதி மறுக்கப்படும். எனவே வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியைப் பயன்படுத்தலாம். இன்னொன்று: சாதாரண பயணிகள் வண்டிக்கான டிக்கெட் விரைவு வண்டிக்குச் செல்லாது, விரைவு வண்டிக்கானது அதிவிரைவு வண்டிக்குச் செல்லாது. எர்ணாகுளம் இன்டர்சிட்டி அதிவிரைவு வகையைச் சேர்ந்தது என்பதை அறியாமல் குறைந்த கட்டண டிக்கெட்டோடு ஏறினால் வித்தியாசத்தொகையும் அபராதமும் கட்ட நேரிடும். உரிய டிக்கெட் இல்லாத பயணத்துக்கு, கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் கூடுதலாக வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

எந்த நிலையம், எந்தத் தேதி

தருமபுரி மாவட்டத்துக்கு இரண்டு ரயில்பாதைகள் வாய்த்திருக்கின்றன. ஒன்று ஓமலூரிலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போவது. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. மற்றொன்று ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் முதன்மைப் பாதை. அதிலுள்ள மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே இன்று ரயில் ஓடுவதில்லை என்பதால், சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போக நினைப்பவர் தருமபுரி நிலையத்தில் காத்திருந்து பயனில்லை, மொரப்பூருக்குத்தான் போக வேண்டும்.

டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் தனித்தனியாக இருக்கலாம். சேலத்திலிருந்து சென்னைக்கு எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு மொரப்பூரில் ஏறலாம், ஆனால் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், சேலத்தில் உங்கள் பெர்த் காலியாக இருப்பதைக் காணும் டிக்கெட் பரிசோதகர், அதாவது டி.டி.இ., தம் கையிலுள்ள கருவியில் "வரவில்லை" என்று பதிந்துவிட, அந்த இடம் ஆர்.ஏ.சி. பயணிக்குப் போய்விடக்கூடும். மாற்றிய பிறகு, பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடைசி நேரம் வரை காத்திராமல், பயணத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது பாதுகாப்பானது.

நள்ளிரவை ஒட்டிய வண்டிகளில் தேதி பலரை ஏமாற்றிவிடுகிறது. 15ஆம் தேதி 00.20 மணிக்கு வரும் வண்டிக்கு, 14ஆம் தேதி இரவு உணவை முடித்துவிட்டு நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். "15ஆம் தேதி ராத்திரி" என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பவர், வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் கழித்து நடைமேடையில் நிற்பார்.

தருமபுரியிலிருந்து சேலம் சந்திப்புக்குப் பேருந்தில் போய் அங்கே ரயில் பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் நெடுஞ்சாலை முழுவதும் முடங்கிவிடும் என்பது இப்பகுதியினர் அனைவரும் அறிந்தது. போதாக்குறைக்கு, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகு சூரமங்கலத்திலுள்ள சந்திப்புக்கு மீண்டும் ஒரு நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். கூகுள் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு கிளம்புபவரே நிம்மதியாக ரயிலேறுகிறார்.

நடைமேடையும் கோச் நிற்கும் இடமும்

நிலையத்துக்கு வந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது நடைமேடை எண். மொரப்பூர் போன்ற இரட்டைப் பாதை நிலையத்தில் சென்னைப் பக்கம் போகும் வண்டிகள் வழக்கமாக ஒரு பக்கத்திலும், சேலம் பக்கம் போகும் வண்டிகள் மறுபக்கத்திலும் வரும். ஓரிரு முறை போய்வந்தவருக்கு இது மனப்பாடமாகிவிடும். தருமபுரி வழியாகச் செல்லும் பாதையோ பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். இதைக் கிராசிங் என்பார்கள். கிராசிங் எந்த நிலையத்தில் நடக்கிறது என்பது அன்றைய தாமதத்தைப் பொறுத்து மாறுவதால், வழக்கமாக முதல் நடைமேடைக்கு வரும் வண்டி அன்று இரண்டாவதற்கு வரக்கூடும். எனவே, நேற்று வந்த நடைமேடையையோ செயலி காட்டும் எண்ணையோ நம்பி உட்கார்ந்துவிடாமல், ஒலிபெருக்கி அறிவிப்புக்கும் மின்பலகைக்கும் காது கொடுத்தும் கண் வைத்தும் இருக்க வேண்டும். செயலியும் அறிவிப்பும் முரண்பட்டால் அறிவிப்பே சரி.

அறிவிப்பில் வண்டியின் பெயரைவிட எண்ணையே கவனிக்க வேண்டும். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வரும் நேரங்களில் "மைசூரு எக்ஸ்பிரஸ்" என்று காதில் விழுந்தவுடன் எழுந்து ஓடுவது ஆபத்து. தூத்துக்குடியிலிருந்து வருவதும் மயிலாடுதுறை வழியாக வருவதும் மைசூருவுக்குத்தான் போகின்றன. ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வண்டியைத் தவறின்றிக் காட்டும். அதே வண்டி திரும்பி வரும்போது அதற்கு வேறு எண் என்பதால், போக்கும் வரவும் குழம்ப வழியில்லை.

அடுத்து, நடைமேடையில் எந்த இடத்தில் நிற்பது. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். இப்போது ஓடும், எல்.எச்.பி. எனப்படும் புதுவகைப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட வண்டி என்றால், இன்ஜினைச் சேர்க்காமலே அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். வண்டியின் ஒரு முனையில் நின்றுகொண்டிருப்பவரின் கோச் மறுமுனையில் இருந்தால், பெட்டி படுக்கையோடு கூட்டத்தில் நெருக்கியடித்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏழெட்டு நிமிடமாவது ஆகும், வண்டி நிற்பதோ இரண்டு நிமிடம். கணக்கு எங்கும் ஒத்துவராது.

கோச்சின் எழுத்து அதன் வகுப்பைக் காட்டும். எஸ் என்றால் ஸ்லீப்பர், பி என்றால் மூன்றடுக்கு ஏ.சி., எம் என்றால் மூன்றடுக்கு ஏ.சி.யின் எகானமி வகை, ஏ என்றால் இரண்டடுக்கு ஏ.சி., எச் என்றால் முதல் வகுப்பு ஏ.சி., டி என்றால் முன்பதிவு செய்யப்பட்ட சாதாரண இருக்கை, சி என்றால் ஏ.சி. இருக்கை. ஜெனரல் பெட்டிகளைப் பெரும்பாலான வண்டிகளில் முன்முனையிலும் பின்முனையிலும் இணைத்திருப்பார்கள். இன்ஜினிலிருந்து எண்ணினால் உங்கள் கோச் எத்தனையாவது என்பதைச் செயலிகள் காட்டும். நடைமேடைக் கூரையில் தொங்கும் கோச் பலகை ஒளிர்கிற நிலையங்களில், வண்டி வருவதற்குச் சற்று முன்பு அதில் எஸ்4, பி1 என்று எழுத்துகள் தோன்றும். உங்கள் கோச் எண் தெரியும் பலகைக்கு நேர்கீழே போய் நின்றுகொண்டால் போதும்.

பலகை இல்லாத இடத்தில், வண்டி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தருமபுரியில் ஓசூர்ப் பக்கமிருந்து வரும் வண்டியின் இன்ஜின் ஓமலூர்ப் பக்க முனையில் போய் நிற்கும். சேலத்திலிருந்து வருவதன் இன்ஜின் எதிர் முனையில் நிற்கும். போகும்போது இன்ஜினுக்கு அடுத்திருந்த கோச், திரும்பும்போது கடைசிக்குப் போய்விடுவது இதனால்தான், ஏனெனில் பெட்டிகளின் வரிசை பொதுவாக அப்படியே இருக்க, இன்ஜின் மட்டும் முனை மாறிக்கொள்கிறது. நடைமேடையில் தேநீர் விற்பவர்களைக் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். எந்த வண்டியின் எஸ்1 எந்தத் தூணருகே நிற்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் நிலையத்தில் குறைவு.

மறுபக்க நடைமேடைக்குப் போக நடை மேம்பாலத்தை விட்டுத் தண்டவாளத்தில் இறங்குவது, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: மொரப்பூரில் நிற்காமல் போகும் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அரை கிலோமீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரிந்த 18 வினாடிகளில் உங்கள் முன்னால் இருக்கும். கையில் பையோடு இரண்டு பாதைகளைத் தாண்டிப் பிளாட்பாரத்தின் மேல் ஏறுவதற்கு அது போதாது.

கூட்டம் மிகுந்த பெரிய நிலையங்களில்

சென்னை சென்ட்ரலிலோ பெங்களூரு சந்திப்பிலோ வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏறுகிறவர்களுக்கு நேர நெருக்கடி குறைவு. வண்டி முன்கூட்டியே நடைமேடைக்கு வந்து நிற்கும். அங்கே நெருக்கடி தருவது கூட்டம். தீபாவளி, பொங்கல் நாள்களில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஜெனரல் பெட்டிக்குப் போகிறவர்களை நடைமேடையில் வரிசையாக நிறுத்தி, சிறுசிறு குழுக்களாக ஏற்றிவிடுவார்கள். வரிசையில் நிற்பது வீண் என்று எண்ணி எதிர்ப்பக்கக் கதவில் ஏற முயல்வோரை ஒவ்வோர் ஆண்டும் காணலாம். அவர்கள் ஏறிவிடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பக்கம் தண்டவாளம் இருக்கிறது.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு, கும்பமேளாவுக்குப் போகத் திரண்ட கூட்டத்தால் புதுதில்லி நிலையத்தில் ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். நெரிசல் ஏற்பட்டது நடைமேடையின் சமதரையில் அல்ல, மேம்பாலத்திலிருந்து இறங்கும் படிக்கட்டில். படிக்கட்டில் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் படியில் நின்று செல்பேசியைப் பார்க்கவோ சாமானைக் கீழே வைக்கவோ கூடாது என்கிறார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு, கூட்டம் மிகுந்த நிலையங்களில் நிரந்தரக் காத்திருப்புக் கூடங்களை வெளியே அமைத்து, உறுதியான டிக்கெட் உள்ளவர்களை மட்டும் நேராக நடைமேடைக்கு விடுவதென ரயில்வே முடிவு செய்தது. வழியனுப்ப வருபவர்களுக்கான நடைமேடை டிக்கெட் பண்டிகை நாள்களில் நிறுத்தப்படுவதும் இதே காரணத்தால்தான். தாத்தாவை ஏற்றிவிட ஏழு பேர் வருவது நம் வழக்கம். அன்பு புரிகிறது, ஆனால் ஒருவர் வந்தாலே போதும்.

வண்டி வந்து நின்றதும்

வண்டி நிற்கும்வரை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, நின்ற பிறகு கதவின் இரு பக்கமும் விலகி, இறங்குபவர்களுக்கு நடுவே வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமன்று, நேரத்தைக் காக்கும் வழியும் அதுவே. ஒரு கதவில் பத்துப் பேர் இறங்கிப் பத்துப் பேர் ஏற வேண்டும், ஒருவருக்கு ஐந்து வினாடி என்று வைத்துக்கொண்டால், 100 வினாடியில் முடிந்துவிடும்; இருபது வினாடி மிச்சம். இரு தரப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டால் அந்த மிச்சம் முதல் அரை நிமிடத்திலேயே போய்விடும். பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன என்பதை மறந்து எல்லோரும் ஒன்றையே மொய்ப்பதும் வழக்கமான காட்சி.

குடும்பமாக ஏறும்போது உடல் வலு உள்ள ஒருவர் முதலில் ஏறிக்கொண்டு சாமானை வாங்கிக்கொள்ள, குழந்தைகளும் பெரியவர்களும் அடுத்து ஏற, இன்னொரு வலுவானவர் கடைசியில் ஏறுவது நல்ல முறை. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரையும், ஜெனரல் பெட்டியில் 35 கிலோ வரையும் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து உறவினர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறவர்கள், அவற்றைக் கதவருகே அடுக்கிவிட்டு அடுத்தவர் வழியை மறிக்காமல் உடனே இருக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும்.

கோச் தொலைவில் இருக்கிறது, சிக்னலும் விழுந்துவிட்டது என்றால், அருகிலுள்ள ஏதாவது ஒரு முன்பதிவுப் பெட்டியில் ஏறிக்கொண்டு உள்வழியாக நடந்து உங்கள் கோச்சுக்குப் போகலாம். ஜெனரல் பெட்டியில் ஏறினால் இது பெரும்பாலும் முடியாது. அங்கிருந்து மற்றப் பெட்டிகளுக்குப் போகும் வழி அடைத்திருக்கும், அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்க வேண்டும். கார்டு பச்சைக் கொடி காட்டி, ஹாரன் ஒலித்து, சக்கரம் உருளத் தொடங்கிய பின் ஓடிப்போய்க் கம்பியைப் பிடிப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யக்கூடாது. பின்தங்கியவருக்காகச் சங்கிலியை இழுப்பதும் உரிய காரணமாகக் கொள்ளப்படாது; 141ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

2023 டிசம்பர் இறுதியில் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது. இதன் கதவுகள் தானியங்கி. அவை மூடிக்கொண்ட பிறகே வண்டி நகரும், நகர்ந்த பிறகு திறக்கமாட்டா. கோச்சைத் தேட ஓடும் வழக்கம் இதில் செல்லாது. சாமானை வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போகும் மகனோ மருமகனோ, கதவு மூடிவிட்டால் ஓசூர் வரையோ சேலம் வரையோ டிக்கெட் இல்லாத பயணியாகப் போய்த்தான் தீர வேண்டும். ஆகவே இந்த வண்டிக்கு வழியனுப்புபவர் வெளியிலேயே நின்று கையசைப்பதே முறை.

உள்ளே போய் அமர்ந்த பிறகு டி.டி.இ. வந்து பெயரைச் சரிபார்க்கும்போதுதான் ஏறும் நடைமுறை முழுமையடைகிறது. வேறொருவர் உங்கள் பெர்த்தில் இருந்தால் வாக்குவாதம் செய்வதற்கு முன், இருவர் டிக்கெட்டிலும் உள்ள வண்டி எண்ணையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும், இல்லாவிட்டால் டி.டி.இ.யிடம் விட்டுவிடலாம்.

உறுதியான டிக்கெட் இருந்தும் வண்டியைத் தவறவிட்டவருக்குப் பணம் திரும்பாது. வண்டியே உங்கள் நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது, நீங்கள் போக விரும்பவில்லை என்றால், முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இணையவழி டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். எனப்படும் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்வதாயினும், கவுண்டர் டிக்கெட்டை ஒப்படைப்பதாயினும், அந்த வண்டி உங்கள் நிலையத்தை விட்டு உண்மையில் புறப்படுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.